பெரியவருக்கு அடித்த மணி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிற அந்த அம்மாளை எல்லாரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் விஞ்ஞானிகள் மாநாடு கூடும்போதெல்லாம் முன்வரிசையில் கைமணியோடு உட்கார்ந்து, பேசுகிறவருக்கு நேரம் முடிந்தால் அடிப்பது அவள் வேலை. கடவுளை நினைத்து மணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தொடங்குவாள். ஆனால் வரவர அதைத் தொடவே கை கூசியது.

காரணம், அமர்வை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர். யார் பேசுவது, எவ்வளவு பேசுவது எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பெரிய இடத்து ஆள் பேசினால் 'அடிக்காதே' என்று தலையை ஆட்டுவார். சின்னவர்கள் என்றால் வாயைத் திறக்கும்போதே அவர் புருவம் ஏறும். அடி என்று அர்த்தம்.

அன்றைக்கும் அதே கூத்து. கடைசியாகப் பேச வேண்டிய பெண், கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயிலேறி வந்தவள். "இன்னிக்குப் பேச்சு நல்லா அமைஞ்சா எனக்கு வேலை கிடைக்கும்க்கா. வேலை தர்றவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க," என்று காலையில் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஏறிய பெரியவரோ, தன் வெளிநாட்டுப் பயணப் படங்களைக் காட்டிக்கொண்டு இறங்குகிற வழியாக இல்லை. மணியக்கா அடித்தாள். ஒருங்கிணைப்பாளர் முறைத்தார். மறுபடி அடித்தாள்.

"அம்மாவுக்குப் பசி வந்துருச்சு போல," என்றார் பெரியவர்.

சபை சிரித்தது. ஒருங்கிணைப்பாளர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மணியக்கா திரும்பிச் சபையைப் பார்த்தாள். கடவுளே, படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பா இது!

ஒருவழியாகப் பெண் மேடையேறினாள். அவளுடைய முதல் படம் திரையில் விழுவதற்குள் ஒருங்கிணைப்பாளரின் புருவம் ஏறிவிட்டது. மணியக்கா மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மணி!" ஒருங்கிணைப்பாளர் பல்லைக் கடித்தார்.

"அடிச்சாச்சு சார். இந்தப் பிள்ளைக்கு வெச்சிருந்ததையும் சேர்த்து அவருக்கே அடிச்சுட்டேன்."

பின்வரிசையில் வேலை தருகிறவர்களே சிரித்துவிட்டார்கள். "பேசட்டும் சார்," என்றார் அவர்களில் ஒருவர். பெண் முழுசாகப் பேசி முடித்தாள்.

தேநீர் நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் அவள் பக்கத்தில் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார். "நம்ம அமர்வுல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தான் எப்பவும் முதலிடம்," என்று கூசாமல் சொன்னார். பிறகு மணியக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த தடவை நீங்க வரவேணாம்."

"கூப்பிட்டாலும் வரமாட்டேன் சார். கூடத்துல எந்தக் குப்பி நாறினாலும் கழுவிருவேன். இது கழுவுனா போற நாத்தம் இல்ல."

மணியைக் கண்ணில் ஒற்றாமலே அவர் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.