அஷ்டமியில் விழுந்த பங்கு

பணி ஓய்வுக்குப் பிறகு, திருவரங்குளத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கின் விலையைத் தினமும் சாயங்காலம் கணினியில் ஏற்றிவந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. இணையத்திலிருந்து மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது தெரியும். ஆனால் அரசாங்கக் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன், அடுத்தவர் கொடுக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டான்.

அந்த விலைகளிலிருந்து, பங்கு கடந்த நாட்களில் எவ்வளவு ஆடியது என்று ஓர் எண் எடுப்பேன். இன்னோர் எண் சந்தையில் கிடைக்கும். ஆப்ஷன் என்பது ஏறக்குறைய இன்சூரன்ஸ். வாங்குகிறவர் பிரீமியம் கட்டுவார். பங்கு பெரிதாக ஆடினால் விற்றவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிரீமியம் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்து, இனிமேல் எவ்வளவு ஆடும் என்று சந்தை பயப்படுகிறது என்பதைக் கணக்கிடலாம். ஆடிய ஆட்டத்தைவிடப் பயம் மிக அதிகமாக இருந்தால் விற்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் கணக்கை மதித்த ஒரே ஆள் என் மனைவியின் தம்பி. வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்து அறந்தாங்கியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கு வைத்திருந்த பணத்தைப் பிணையாகக் காட்டி ஆப்ஷன் விற்றால், வாசல் கிரில்லுக்கும் சேர்த்துத் தேறும் என்பது அவர் திட்டம். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"அத்தான், விக்கலாமா வேணாமா?"

"ஆடினது பத்தொம்பது சதவீதம். சந்தை பயப்படுறது முப்பத்திநாலு. ஆனா..."

"ஒத்த வார்த்தையில சொல்லுங்க அத்தான்."

"விக்கலாம்."

விற்றுவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார். "நான் ஊருக்கு வந்த அன்னைக்கு ஏர்போர்ட் டிவியில இந்தப் பங்குதான் ஓடுச்சு. தலைகுப்புற விழுந்து கெடந்துச்சு. மறுநாளே எந்திரிச்சிருச்சு. அதையும் சேத்துத்தானே பாத்தீங்க?"

"சேர்க்காமயா?" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். கணக்குக்கு முப்பது நாள் விலை வேண்டும். எண்ணினேன், முப்பது இருந்தன. ஆனால் அவர் ஊருக்கு வந்த தேதி அதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி, நவமி.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் பங்குச் சந்தை கிடையாது. கணினியையே திறக்கக் கூடாது என்பாள் மனைவி. பார்த்தால் கை சும்மா இருக்காது என்பது அவள் கருத்து. பங்கு அஷ்டமியில் விழுந்து, நவமியில் எழுந்து, தசமியன்று நான் திறந்து பார்த்தபோது ஒன்றும் நடக்காததுபோல் நின்றிருக்கிறது. நானும் அப்படியே ஏற்றியிருக்கிறேன்.

விட்டுப்போன நாட்களைச் சேர்த்தேன். பத்தொன்பது, முப்பத்துமூன்று ஆனது. சந்தையின் பயம் நியாயமானதுதான். கூரையைப் பணயம் வைத்ததற்குக் கூலி ஏதும் மிஞ்சவில்லை.

"மாப்ளே, வித்ததைத் திருப்பி வாங்கிரு."

"ஏன் அத்தான், இப்பத்தானே வித்தேன்?"

"அஷ்டமி நவமிய விட்டுட்டேன்."

"பங்குக்கு ஏது அத்தான் அஷ்டமி?"

"ஒங்கக்காவக் கேளு."

"வேணவே வேணாம். நான் அஷ்டமியில பிளைட் ஏறினதே அக்காவுக்குத் தெரியாது. டிக்கெட் சல்லிசா இருந்துச்சு. என்னைய இதுல இழுக்காதீங்க."

திருப்பி வாங்கினார். அதற்குள் பிரீமியம் ஏறியிருந்தது. கிரில் போனது, கூரை தப்பியது. கிரில் இல்லாத வாசலுக்குள் மாடு வரும் என்று எனக்குக் கவலை. அதை அவரிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள்.

"அப்ப அஷ்டமியிலதான் விழுந்துச்சா?"

"ஆமா."

"நான் சொன்னா கேக்குறீங்களா?"

எது தவறு என்று விளக்க ஆரம்பித்தேன். குக்கர் விசில் அடித்தது. போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மைத்துனர் பேசினார். "திங்கக்கெழமை கான்கிரீட் போடுறோம். வாங்க அத்தான், சிமெண்ட் மூட்டைய எண்ணுங்க. அது கண்ணு முன்னாடியே கெடக்கும்."

போனேன். மேலே மேகம் திரண்டிருந்தது. மழை வருமா என்று மைத்துனர் கொத்தனாரிடம் கேட்டார், மேஸ்திரியிடம் கேட்டார், கம்பி கட்டுகிறவரிடமும் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.