நாகம்மா குடியிருந்த சுவர்

போன மாதம் லோபாக்கில் எங்கள் வீட்டு முன்னால் பூப்பாத்திக்கு ஒரு தாங்குசுவர் கட்டினோம். கட்டினோம் என்றால், என் கணவர் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினார், நான் பக்கத்தில் நின்று குறை சொன்னேன். இரண்டடி உயரம்தான். சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடுங்கள் என்றேன். "இந்தச் சின்னச் செவுத்துக்கு எதுக்குலா ஓட்டை? பாக்கவே அசிங்கமா இருக்கும்" என்றார். ஓட்டை இல்லாவிட்டால் ஒரு செடியும் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு மீதி வேலை நடக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பகாவுக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பழம் வெட்டும் வேலை. குன்றின் சரிவை வெட்டி வரிசை வரிசையாக வீடுகள் கட்டியிருந்தார்கள். மேல் வரிசையில் எங்கள் வீடு. அதற்கு நேர் கீழே அப்பாவின் அக்கா, என் அத்தை. மாமாவுக்குச் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க அத்தைக்குத் துணை அவளுடைய குரல்தான், அது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

எங்கள் கொல்லையின் ஓரத்தில், சரிவு தொடங்கும் இடத்தில், அம்மா பூச்செடி வைத்திருந்தாள். மல்லிகை, கனகாம்பரம், கொஞ்சம் மரிக்கொழுந்து. அதற்கு நேர் கீழே அத்தையின் அடுப்படி, தகரம் வேய்ந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கொட்டிய மழையில், அம்மாவின் செம்மண் சரிந்து போய் அத்தையின் முறுக்கு மாவில் இறங்கியது. பூ வளர்க்கிற மகராசிக்கு மண்ணை வளர்க்கத் தெரியவில்லையா என்று அத்தை ஆரம்பித்தாள். அம்மா பதிலுக்கு ஏதோ சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நின்றது என்றால், அத்தை பேசிக்கொண்டுதான் இருந்தாள், அம்மாவிடம் இல்லை, கோழிகளிடம்.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா, கடைசியில் சுவர் எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. இடித்துப் போட்ட பழைய லயத்து வீடுகளிலிருந்து செங்கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். அத்தையின் கொல்லைப் பக்கம் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, சல்லி கொட்டி, நூல் பிடித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு வரிசையாக ஏற்றினார். சுவர் மண் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டுமாம், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால்தான் பாரம் தாங்குமாம். நாலடி உயரம் வந்ததும், அடியில் விட்டிருந்த ஐந்து பைப்புத் துண்டுகளைப் பெருமையோடு காட்டினார். மண்ணுக்குள் சேரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே வரும் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் சுவாரசியம் இல்லை.

மண் நின்றது, அத்தை நிற்கவில்லை. இப்போது பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம், அடுப்படி ஓரமெல்லாம் ஈரமாம். கோழிகளுக்கு அந்தச் செய்தி நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. அம்மா பாத்திரங்களை டமார் டமாரென்று வைப்பாள். ஒரு நாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அத்தை மேல் ஆத்திரமாக வந்தது. அவள் கொல்லைப் பக்கமே வராதபடி செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அந்த வாரம் செம்பனை ஓலைக் குவியலில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. என் கை நீளத்துக்கு மேல் இருக்கும், துளியும் கிழியாமல் இருந்தது. அத்தை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கி, நடுப் பைப்புக்குள் பாதியைச் செருகி, மீதி வெளியே தொங்கும்படி விட்டுவிட்டு வந்தேன். மேலே வாழை மறைவில் உட்கார்ந்து, அத்தை அலறப் போவதைக் கேட்கக் காத்திருந்தேன்.

அத்தை அலறவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

அரை மணி நேரத்தில் கீழ் வரிசைப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சுவரைக் கழுவி மஞ்சள் பூசினார்கள், பைப்பைச் சுற்றிக் குங்குமம் வைத்தார்கள். ரப்பர்ப் பால் பிடிக்கிற பழைய மங்கு ஒன்றைத் தேய்த்துக் கழுவி அதில் பசும்பால் ஊற்றி, பக்கத்தில் முட்டை வைத்தார்கள். ஐந்து ஓட்டை இருந்தால் நாகம்மா அலைபாய்ந்து அடுப்படிக்குள் வந்துவிடும், ஒரு வாசல் போதும் என்று யாரோ யோசனை சொல்ல, மற்ற நாலு பைப்பிலும் துணியைத் திணித்துக் களிமண்ணால் அடைத்தார்கள். நடுப் பைப்பும் வாரா வாரம் மஞ்சளும் பூவும் முட்டை ஓடும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. அப்பா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எடுக்கவில்லை. வெயில் காலம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூ வேண்டும். அந்த வரிசைகளில் பூ இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். முதல் வெள்ளி அத்தை கீழே நின்று, வானத்தைப் பார்த்து, "நாகம்மாவுக்கு ரெண்டு முழம் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அம்மா கனகாம்பரம் கட்டி, கம்பு நுனியில் தொங்கவிட்டு இறக்கினாள். இரண்டாம் வெள்ளி, "சாமிக்கு மல்லி ஆகுமாம்மா?" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டாள். நாலாவது வெள்ளி, பூ கீழே போய் வெகு நேரம் ஆகியும் அம்மா கம்பைப் பிடித்தபடியே நின்றாள். அத்தையின் முட்டிவலியில் தொடங்கி, மாமா சாப்பாட்டில் காட்டுகிற வீம்பு வரைக்கும் பேச்சு போயிருந்தது. எனக்குத்தான் பயம். அத்தைக்கு உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் பழம் வெட்ட முடியாமல் மதியமே திரும்பிவந்த அப்பா, கொல்லைப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மேலிருந்து கீழாக ஒரு விரிசல், அதில் என் விரல் போகும். உள்ளே தேங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. கீழே அடுப்படியில் அத்தை உலை வைத்திருந்தாள், தகரத்துக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அப்பா இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். அம்மா பின்னால் ஓடினாள், நானும் ஓடினேன். சத்தம் கேட்டு வெளியே வந்த அத்தை, கம்பியைப் பார்த்ததும் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி, உள்ள நாகம்மா இருக்கு. கம்பியால குத்தினா நம்ம குடும்பமே விளங்காது."

"அக்கா, இடிஞ்சா உன் தலைமேலதான் விழும். தள்ளு."

"விழுந்தா என் மேலதானே விழும். பாவம் உன் தலையில ஏற வேணாம்."

அப்பா அவளை இழுத்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கம்பியைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் பயம். பாம்பை அடித்த பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது என்று நம்புகிறவர்தானே அவரும். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "வாங்க அண்ணி, இந்தப் பக்கம் வாங்க" என்றாள். விரிசலிலிருந்து ஒரு துண்டுச் சாந்து பெயர்ந்து அத்தையின் தோளில் விழுந்தது. அத்தை அசையவில்லை.

சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் சுவர் விழும்.

"அத்தே, அங்க பாம்பு இல்ல. சட்டைய நான்தான் வச்சேன். ஓலைக் குவியல்ல கிடந்துச்சு. நீங்க பயப்படணும்னு வச்சேன்."

அத்தை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பா கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி, குனிந்து, ஓரத்துப் பைப்பில் அவளே குத்தினாள். களிமண்ணும் துணியும் தெறித்து வந்தன. பின்னாலேயே காவி நிறத் தண்ணீர் பீய்ச்சியடித்து அவள் முகத்தையும் புடவையையும் நனைத்தது. அப்பா கம்பியை வாங்கி அடுத்த பைப்பைக் குத்தினார். ஐந்தும் திறந்ததும் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. அரை மணி நேரம் நிற்கவே இல்லை.

அதற்குள் அப்பா இரண்டு பலகையை வைத்து முட்டுக் கொடுத்தார். விரிசல் பெரிதாகவில்லை. தண்ணீர் மெலிந்து ஒழுகலானபோது, அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அவ்வளவுதான். நான் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தை அடுப்படிக்குள் போய்ச் சோற்றை வடித்துவிட்டு, நாலு பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில், நான் இரண்டு குவளை குடித்தேன்.

ஆனால் நிம்மதி மூன்று நாள்தான். வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பாம்பு இல்லை என்றால் பூசை இல்லை, பூசை இல்லை என்றால் பூவும் இல்லை. மறுபடியும் அத்தை கோழிகளிடம் பேசத் தொடங்குவாள், அம்மா பாத்திரத்தை உடைப்பாள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முழத்துக்கு மேலேயே இருக்கும். கீழிருந்து அத்தையின் குரல் வந்தது, நாகம்மாவுக்கு நேரமாச்சு என்று. அம்மா கம்பை எடுத்துக்கொண்டு போனாள். பைப்புகள் ஐந்தும் திறந்தே இருந்தன. விளக்கும் மங்கும் ஒரு பக்கமாக, தண்ணீர் படாத இடத்தில் இருந்தன.

எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை தெளிவாகச் சொல்லியும் இருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. பெரியவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது என்று முடிவு கட்டி, அம்மா பக்கத்தில் நின்று, கீழே அத்தைக்கும் கேட்கும்படி முதலிலிருந்து மறுபடி சொன்னேன். ஓலைக் குவியல், பாம்புச் சட்டை, நான் வைத்த விதம், எதையும் விடவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று முடித்தேன்.

இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"சரிடி" என்றாள் அத்தை. "நீ பூவை இறக்கும்மா. அப்புறம் அந்த முட்டிக்கு என்னமோ எண்ணெய் சொன்னியே?"