ஓடைக்கு அந்தாண்ட நாலாவது வார்டு

வார்டு என்ற சொல்லை எனக்கு ஆஸ்பத்திரியோடு சேர்த்துத்தான் தெரியும். அத்தையை வேலூருக்குக் கொண்டுபோய் வார்டில் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு அவள் வீடு திரும்பவில்லை. அதனால், ஜீப்பில் வந்த அதிகாரி ஓடைக்கரையில் நின்று, இந்தப் பக்கத்து வீடுகள் மூன்றாவது வார்டு, அந்தப் பக்கத்து வீடுகள் நாலாவது வார்டு என்று சொன்னபோது, எங்களையும் கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது.

எண்பதுகளில் நடந்தது. ஜவ்வாது மலைச் சரிவில் இருந்த எங்கள் ஊர் அடிவாரத்து டவுன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. தேர்தலுக்காக வார்டு எல்லைகளைப் பிரிக்க வந்திருந்தார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று நான் கண்டது, ஜீப்பில் வந்தவர்கள் வீடு வீடாக ஆட்களைக் கணக்கெடுத்ததையும், அப்பா அவர்கள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்ததையும்தான். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு அப்போது இருமல். பிடித்தால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாமைக் கொல்லை வழியாக ஏறி, மேலே இருந்த பாறை இடுக்கில் போய் உட்கார்ந்தேன். கீழே அம்மா எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. குரல் கிட்ட வரும், பிறகு ஓடைப் பக்கம் தேய்ந்துபோகும். அவளையும் மிரட்டித்தான் கூப்பிட வைக்கிறார்கள் என்று தோன்றியது. தம்பி இருமும்போதெல்லாம் அவன் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். ஒரு தரம் அவனுக்கு மூச்சு முட்டி முகம் சிவந்துவிட்டது. பயந்து கையை எடுத்ததும் வீறிட்டான். அந்தச் சத்தத்தில்தான் பெரியப்பா எங்களைக் கண்டுபிடித்தார்.

அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். நான் அவரிடம், எங்களை எந்த வார்டில் போடப் போகிறார்கள் என்று கேட்டேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் தம்பியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அது ஆஸ்பத்திரி இல்ல தாயி. ஓட்டுப் போடறதுக்கு ஊரப் பிரிக்கறாங்க. உன்ன யாரும் இட்டுக்கினு போவ மாட்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. அம்மா அடிக்க ஓங்கிய கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஊரு மொத்தமும் ஒரே வார்டா இருந்தாத்தான் நம்மாளு ஒருத்தன் மெம்பரா ஆவான்," என்றார். "இப்ப பாதிப் பேர அந்தாண்ட கீழ்த்தெருவோட சேத்துட்டாங்க, பாதிப் பேர இந்தாண்ட கடைத்தெருவோட சேத்துட்டாங்க. ரெண்டுலயும் டவுன் ஆளுங்கதான் ஜாஸ்தி. இனிமே தண்ணி வேணும், ரோடு வேணும்னு யாருகிட்டப் போய் நிக்கறது?"

"ஓடைய மட்டும் எல்லையா வெக்காதீங்கன்னு கால்ல வுழாத கொறையா கேட்டேண்ணா," என்றார் அப்பா.

அம்மா சாமைச் சோறு போட்டாள். யாரையும் கொண்டுபோகவில்லை என்ற நிம்மதியில் எனக்கு அகோரப் பசி. அப்பா தட்டைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். பயம் தெளிந்த சந்தோஷத்தில் அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, அவர் சோற்றையும் நானே எடுத்துத் தின்றேன்.