மார்லிஸும் பார்சல் ஜன்னலும்

டிப்ஸ் விஷயத்தில் என்னிடம் நியாயம் கேட்காதீர்கள். நான் சமையல்காரன். வெள்ளிக்கிழமை வந்தால் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்று ஊருக்கே மீன் வறுத்துக் கொட்டுகிறவன் நான். தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடக்கிறவர்களுக்குக் காசு. வயிறு எரியாதா? எரிகிறது. ஆனால் போன வருஷம் மார்லிஸ் ஹாவர்காம்ப் எரிந்த எரிச்சலுக்கு முன்னால் என்னுடையது வெறும் புகை.

எங்கள் விஸ்கான்சின் ஏரிக்கரையில் டார்ன்புஷ் உணவகத்துக்கு வந்தவர்கள் யாரும் மார்லிஸை மறக்க மாட்டார்கள். அறுபதை நெருங்குகிறாள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு எட்டுத் தட்டை ஒரே தாம்பாளத்தில் தோளுக்கு மேலே தூக்கி வருவாள். சம்பளம் என்று முதலாளி கொடுப்பது சோப்பு வாங்கத்தான் காணும். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், ஒழுகின கூரையை மாற்றியதும் எல்லாம் டிப்ஸில்தான். மேசைக்கு வந்தவர்களின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். ஆர்டர் வாங்கியதும் இரண்டடி பின்னோக்கி நடந்துவிட்டுத்தான் திரும்புவாள். "சாப்பிட வந்தவங்களுக்கு நான் முதுகக் காட்டுனதே இல்ல" என்று பெருமை வேறு.

ஏரியைப் பார்த்த மூலை மேசை ஆர்வில் டால்கேவுக்கும் அவர் மனைவி பெர்னிஸுக்கும். வெள்ளி தவறாமல் வருவார்கள். மீன், உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ். கிளம்பும்போது ஆர்வில் உப்புக் குப்பிக்கு அடியில் நோட்டை மடித்து வைப்பார், ஒரு நாளும் குறைத்ததில்லை. மார்லிஸுடைய மகள் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள். "என் ஆர்வில், என் பெர்னிஸ்" என்றுதான் சொல்வாள்.

பெர்னிஸுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, வசந்தத்தில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஆர்வில் வருவது நின்றது. மார்லிஸ் மூலை மேசையை வேறு யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். கோடையில் அவர் மறுபடி வந்தார். மூலை மேசைக்கு அல்ல, பார்சல் ஜன்னலுக்கு.

அந்த ஜன்னல் கட்டடத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற பக்கம் இருக்கிறது. அங்கே கீலி என்று ஒரு பெண். தலைமுடிக்குப் பச்சைச் சாயம். மீனைப் பெட்டியில் போட்டு, ரொட்டியைச் சொருகி, பணம் கட்டுகிற திரையை உங்கள் பக்கம் திருப்பி, "இது உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கும்" என்பாள். டிப்ஸ் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பதினெட்டு, இருபது, இருபத்தைந்து சதவீதம். கீழே சின்னதாக 'வேண்டாம்'. தானே வந்து தானே தூக்கிப்போகிற சோற்றுக்கு எதற்கு டிப்ஸ் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருக்கிறது. கீலி அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். திரையைத் திருப்பியதும் அவளும் திரும்பிக்கொண்டு அட்டைப் பெட்டி மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"டெல்பர்ட், அங்க நிக்கறது என் ஆர்வில் தானே?" என்று மார்லிஸ் என்னைக் கேட்டாள்.

"அவர்தான்."

"இத்தன வருஷம் நான் ஓடி ஓடிப் பாத்தேன். இப்ப அந்தப் பாசித்தலைகிட்டப் போய் நிக்கறாரு! பொட்டியில போட்டு மூடறதுக்கு டிப்ஸ் ஒரு கேடா?"

"இருபத்தஞ்சத் தட்டிட்டுப் போறாரோ என்னவோ" என்றேன். எனக்கும் பொழுது போகவேண்டுமே.

"காசு கெடக்குது போ. உள்ள ஒரு எட்டு வந்து, 'மார்லிஸ், நல்லாருக்கியா'ன்னு கேக்கக் கூடாது? சக்களத்தி வீட்டுக்குப் போற மாதிரி பின்பக்கமா வந்துட்டுப் பின்பக்கமாப் போறாரு மனுஷன்!"

கோடை முழுக்க இதே புலம்பல். கீலி சிரித்தால் குற்றம், சிரிக்காவிட்டால் திமிர். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மார்லிஸ் கீலியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "எனக்கு முட்டி வலிக்குது. இன்னைக்கு நீ மேசையப் பாரு, ஜன்னல நான் பாத்துக்கறேன்." உதட்டுச் சாயத்தைப் பார்த்தால் முட்டி வலிக்கிறவள் மாதிரி இல்லை.

ஆர்வில் வந்தார். அவளைக் கண்டதும் அரை அடி பின்வாங்கினார்.

"மார்லிஸ்... நீயா இங்க?"

"நானேதான். மறந்துட்டீங்களோன்னு பாத்தேன். பெர்னிஸ் எப்படி இருக்காங்க?"

"நேத்து உன்னக் கேட்டா. ஆப்பிள் கூழ் குடுப்பாளே, அவ எங்கேன்னு."

மார்லிஸ் உருகிப்போனாள். பெட்டியில் ஆப்பிள் கூழை இரண்டு மடங்கு ஊற்றினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு, காலமெல்லாம் செய்த மாதிரியே, இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தாள். ஆர்விலின் விரல் திரைக்கு மேலே கொஞ்சம் நின்றது. இருபத்தைந்தைத் தட்டினார். பெட்டியை வாங்கிக்கொண்டு நிமிராமல் போனார்.

"பாத்தியா டெல்பர்ட்! இருபத்தஞ்சு! பாசித்தலைக்கு இதுல பாதி குடுத்திருப்பாரா?"

காலித் தட்டுகளோடு வந்த கீலிக்கு இது கேட்டுவிட்டது. "ஐயையோ, தட்டிட்டாரா? எனக்கு அவர் ஒண்ணுமே குடுத்ததில்லையே."

"ஒண்ணுமேயா? அப்புறம் எதுக்கு உன்கிட்ட வர்றாரு?"

"நான் பாக்க மாட்டேன்ல, அதுக்குத்தான். மொத நாளு 'வேண்டாம்'ங்கறதத் தட்டறதுக்கு என் மூஞ்சியப் பாத்துப் பாத்துத் தயங்கினாரு. அதுலேர்ந்து யாரு வந்தாலும் நான் திரும்பிக்கறது. வண்டிய வித்துட்டாரு அக்கா, தெரியாதா உங்களுக்கு? அந்த இல்லத்துக்குக் கட்டவே அவருக்குக் காணல. நடந்துதான் வர்றாரு."

மார்லிஸ் ஜன்னலுக்கே திரும்பிப் போய்ப் பெட்டி மடித்தாள். வெகுநேரம் கழித்து என் அடுப்பருகே வந்து நின்றாள்.

"என் மேசையில உக்காந்துட்டு வெறுங்கையா எந்திரிக்க அந்த மனுஷனால முடியாது. அதான் வரல. காசெல்லாம் அவளுக்குப் போயிருந்தாக்கூட எனக்கு இப்படி எரிஞ்சிருக்காது டெல்பர்ட். நேத்து வந்தவளுக்கு அவரத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல பாரு."

அடுத்த வெள்ளி ஆர்வில் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. வீட்டுக்கே மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று மார்லிஸ் என்னிடம் கேட்டாள். "கொண்டு போ, அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வர மாட்டாரு" என்றேன். என் மேல் எரிந்து விழுந்தாள், ஆனால் போகவில்லை.

இலையெல்லாம் சிவந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வண்டிகளுக்கு நடுவில் அவர் தலை தெரிந்தது. ஜன்னலில் யார் இருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். கீலிதான் இருந்தாள். கிட்டே வந்தார். அந்த ஜன்னலில் நின்றால் சமையலறை முழுக்கத் தெரியும். மார்லிஸ் எட்டுத் தட்டோடு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே மேசைக்காரர்கள் மீன் எங்கே என்று கத்துகிறார்கள். அவள் அசையவில்லை.

"போயிட்டாரா?" என்று சுவரைக் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"அவ திரும்பிக்கிட்டாளா?"

"திரும்பிட்டா."

கொஞ்ச நேரம் போனது. "இப்ப?"

"போயிட்டாரு."

"அவளப் பாத்து சிரிச்சாரா?"

"பொட்டிய வாங்கறப்ப சிரிச்சாரு."

"நல்லாவா?"

"நல்லாத்தான்."

"அந்தப் பாசித்தலையப் பாத்து!" என்று பல்லைக் கடித்தாள். பிறகு கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன எட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.