சாட்சி எங்கை?

நேற்று ஒரு கலியாணப் பந்தலில் மழையில் நனைந்த தென்னங்கிடுகு மணத்ததும், பாயசக் கோப்பையைக் கையில் வைத்தபடியே பள்ளிக் காலத்தில் ரியூஷன் படித்த உரும்பிராய் ரியூட்டரிக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே கொட்டிலும் இல்லை, வளவும் இல்லை. அப்போது கூரை ஒழுகும், நாங்கள் வரிசையாக இருக்கும் வாங்குகள் ஆடும், பலாலி ஆமி முகாம் பக்கம் ஷெல் அதிர்ந்தால் கரும்பலகையிலிருந்து சோக்குத் தூள் தானாக உதிரும். எதற்கும் அசையாத எங்கள் இங்கிலிஷ் மாஸ்ரர், 'அசேர்ட்' என்றால் சாட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்துச் சொல்வது என்று படிப்பித்துவிட்டு, ஒவ்வொருவராக வாங்கில் ஏற்றி எதையாவது அடித்துச் சொல்ல வைப்பார். உடனே நாங்கள் "சாட்சி எங்கை?" என்று கத்தவேண்டும்.

வகுப்பிலேயே வடிவானவன் நான்தான் என்று இங்கிலிஷில் அடித்துச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. மாஸ்ரர் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

அடுத்து ஏறியவள் வசந்தி. அவளுடைய தகப்பனை ஆமி பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்காகிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று இங்கிலிஷில் சொன்னாள்.

கொட்டில் பழக்கத்தில் கத்தியது: "சாட்சி எங்கை?"

அவள் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். காலுக்குப் பொருந்தாத பெரிய ஆம்பிளைச் செருப்பு.

"இதைப் போட விடாமல்தான் கொண்டு போனவங்கள். எடுக்க வருவார்."

"உது சாட்சியில்லைப் பிள்ளை," என்றார் மாஸ்ரர் சந்தோஷமாக. "அதுதான் உது திறமான உதாரணம். எல்லாரும் எழுதுங்கோ."

என் அழகை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவளுடைய அப்பாவை எழுதினார். பார்த்தெழுதினோம். எழுதி முடியும்வரை அவள் வாங்கிலேயே நின்றாள்.