சங்கத்துக்குக் காரியம் செய்த பியோ மான்-சுல்

கரண்டிவாயன் பறவைப் பாதுகாப்புச் சங்கம் கில் சூன்-நேயின் டீசல் கடைக்குப் பத்தொன்பது லட்சம் வோன் கடன்பட்டிருந்தது. கடன்தான் சங்கத்துடையது. "நான் இருக்கேன், ஊத்துங்க" என்று மார்தட்டிய வாய் பியோ மான்-சுலுடையது.

மான்-சுல் நாலாம் வகுப்புத் தாண்டாதவர். வாடகைத் தோணியில் ஆரம்பித்து சொந்தமாக இரண்டு படகு நிறுத்தியவர். அதை அவரே தினமும் சொல்வதால் இங்கே நீட்ட வேண்டாம். சோல்மே கரையில் அப்படி வேறொருவன் இல்லை என்பது மட்டும் சத்தியம்.

கரண்டிவாயன் கூடு கட்டும் பாறைத் தீவில் தூண்டில்காரர்கள் ஏறிவிடாமல் சுற்றிக் காவல் வருவது அவர் படகுதான். ஏழு ஊரும் சேர்ந்த சங்கத்துக்கு வெளிநாட்டுக்காரன் ஆறு வருஷம் பணம் கொடுத்தான். பிறகு நிறுத்தினான். நிறுத்துமுன், பணம் நின்றபின் பிழைப்பது எப்படி என்று கற்றுத்தர நகரத்து ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி வைத்தான். மிச்சமிருந்த பணம் அந்தப் பயிற்சிக்கே சரியாகப் போயிற்று. ஓட்டல் மீன் பிரமாதம் என்பதில் மட்டும் ஏழு ஊரும் ஒருமனதாக இருந்தன.

முட்டையிடும் பருவம் வந்தது. சூன்-நே குழாயைப் பூட்டிவிட்டாள்.

"பழைய பாக்கி வந்தாத்தான் புது டீசல், அண்ணே."

"என் வாக்கு மேல நம்பிக்கை இல்லையா?"

"வாக்கு நிறைய இருக்கு. அதை ஊத்தினா படகு ஓடுமா?"

மான்-சுல் ஏழு ஊர்த் தலைவர்களுக்கும் போன் போட்டார். எல்லோரும் பறவைமேல் உயிரையே வைத்திருந்தார்கள்; கையில் காசுதான் இல்லையாம். அன்று சாயங்காலம் ஒரு சாவு வீட்டில் அதே தலைவர்கள் வெள்ளை உறையில் பெயர் எழுதி, கனமாகப் பணம் வைத்து நீட்டுவதைப் பார்த்தார். சாவுக்கு எவனும் கை விரிப்பதில்லை!

மறுநாள் ஏழு ஊருக்கும் செய்தி போயிற்று: சங்கம் காலமாகிவிட்டது, சனிக்கிழமை காரியம்.

பட்டப்படிப்புப் படித்த செயலாளர் ஜூ பதறி ஓடிவந்தார். "பெரியவரே, சங்க விதியில இதுக்கு இடமே இல்ல!"

"சாகறதுக்கு என்னப்பா விதி? நீ போய் காரியத்துக்கு வர்றவங்களுக்கு சூப்பு வைக்க மாட்டுக்கறி வாங்கு."

ஊர்க்கூடத்தில் கறுப்பு நாடா கட்டிய கரண்டிவாயன் படம், முன்னால் வெள்ளைச் செவ்வந்தி. ஊர்த் தலைவர்கள் வீட்டுச் சாவு ஒன்றுவிடாமல் போய் உறை வைத்தவர் மான்-சுல். திருப்பி வைக்காவிட்டால் மானம் போய்விடும். ஏழு தலைவர்களும் கறுப்புக் கோட்டில் வந்து பறவைக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். பக்கத்து ஊர் உறையின் தடிமனைப் பார்த்த ஒரு தலைவர், ஷூவைத் தேடுவதுபோல வெளியே போய்த் தன் உறையைக் கனமாக்கிக்கொண்டு வந்தார். டீசல் கடை சூன்-நேகூட ஓர் உறை வைத்தாள்.

"செத்தாச்சு, சரி. அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?" என்றார் ஒரு தலைவர், சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

"அடுத்த வருஷம் திதி வருமில்ல? நெருங்கின சொந்தம் நீங்க, வெறுங்கையோடவா வருவீங்க?"

தலைவரின் கரண்டி பாதியில் நின்றது.

கூட்டம் கலைந்ததும் மான்-சுல் உறைகளைக் கிழித்தார். சூன்-நே கை நீட்டினாள்.

"என் உறைப் பணத்திலயே என் கடனை அடைக்கிறீங்களா?"

"செத்தவங்க பணத்துல பேரு பார்க்கக் கூடாதும்மா. பிடி" என்று, எச்சில் தொட்டு, அவள் விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.