அத்தை ரேம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிகள் போகும் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், அப்பாவின் தங்கையான என் அத்தை ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினாள். கூடம் என்பது பெரிய வார்த்தை. வீட்டின் பின்னறையில் நாலு சுவரிலும் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவுக்குப் பின்னால் பழைய மெத்தை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். கானா பாடுகிறவர்கள் வருவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ராயபுரத்திலிருந்து கொயர் பிள்ளைகள் வருவார்கள். மற்ற நாட்களில் தள்ளுவண்டிக்காரர்களுக்காக அத்தையே மைக் முன்னால் உட்கார்ந்து வெங்காயம், பூண்டு, பழைய இரும்பு என்று கூவிப் பதிவுசெய்து தருவாள். எங்கள் பகுதியில் பாதி வண்டிகள் அத்தையின் குரலில்தான் வியாபாரம் செய்தன.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் அத்தையிடம் இருந்தது. வெளியே பெரிய கம்பெனியின் முத்திரை மின்னும். உள்ளே ரேம் மிகக் குறைவு. ரேம் என்பது கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் எத்தனை வேலையைக் கையில் பிடித்துக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிற சின்னப் பச்சை அட்டை. வெங்காயத்துக்கு அந்த ரேம் போதும். பெரியப்பாவின் பாட்டுக்குப் போதவில்லை.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர். கானா பாடுவதில் பேர் எடுத்தவர். மைக் இல்லாமல் பாடினால் தெருக்கோடியில் இருக்கிறவர்கள் எழுந்து வருவார்கள். அந்த வருஷம் அவர் குரல் கரகரத்துப்போயிருந்தது. நிலக்கரித் தூசு என்று சொல்லிக்கொண்டார். நானும் அப்படியே நம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது.

ராட்சத கிரேனைப் பார்த்து ஒரு கூலிக்காரன் பேசுவதுபோல அவர் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதைப் பதிவுசெய்ய ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். டோலக், கீபோர்டு, கோரஸ் எல்லாவற்றையும் அத்தை முன்பே பதிந்து வைத்திருந்தாள். அதன்மேல் அவர் குரல் ஏறியதும் பாட்டின் நடுவில் திரை அப்படியே நின்றுபோனது. பாடியதும் போச்சு. மறுபடி பாடினார். மறுபடியும் நின்றது. பெரியப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வெந்நீரை ஒவ்வொரு மடக்காக விழுங்கினார்.

"பரவால்ல பாப்பா. மறுக்கா பாட்றேன், வுடு" என்றார் அத்தையிடம்.

மூன்றாவது முறையும் நின்றபோது அத்தை மேசையைக் குத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு மெஷினுக்காகவா அழுவார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எங்க ரேம்தான் மேடம் போடணும். ஆர்டர் போட்டா பத்து பதினஞ்சு நாள் ஆகும். வெளிய வாங்கிப் போட்டு மெஷின் போச்சுனா நாங்க பொறுப்பு இல்ல."

"அவ்ளோ நாள் என்னால காத்திருக்க முடியாதுங்க" என்று அத்தை போனை வைத்துவிட்டாள்.

பெரியப்பா தயங்கினார். "உன் பொயப்பே இதுலதான் கீது. வெளி சாமான் போட்டு மிசினு பூட்சுனா இன்னா பண்ணுவ?"

"மிசினு பூட்டா வேற மிசினு வாங்கிக்கலாம்ணா" என்றாள் அத்தை.

பிற்பகலில் நானும் அத்தையும் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். பழைய ரேமைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே அடங்கிய ஒரு கடையில், கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த எண்களைப் படித்தார்.

"இதே வகை, இதே வேகம் இருந்தா போதும்க்கா. ஸ்டிக்கர்ல எந்தக் கம்பெனி பேரு இருந்தா இன்னா, ஸ்டிக்கரா பாட்டு பாடப்போவுது?" என்று, நாங்கள் கேள்விப்படாத பெயர் போட்ட இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார். "ரெண்டையும் ஜோடியா போடுங்க. ஓடலைனா திங்கக்கெயம எடுத்துகினு வாங்க, மாத்தித் தரேன்."

"திங்கக்கெயம வேலைக்கு ஆவாதுங்க. நாளைக்கே ஓடணும்."

"ஓடும்க்கா" என்றார் அவர், குதிரையைப் பற்றிச் சொல்வதுபோல.

மறுநாள் பெரியப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை பிளக்கைப் பிடுங்கினாள். கையில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாள். பச்சை அட்டைகளை அதனதன் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம்.

"லாரி ரிவர்ஸ் எடுக்குறா மாரி கீதே" என்று பெரியப்பா சிரித்தார்.

மெஷின் போய்விட்டது, சர்வீஸ் ஆள் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். அத்தை அசரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, அட்டைகளை வெளியே எடுத்தாள்.

"உன் ரப்பரக் குடுடி."

பென்சில் எழுத்தை அழிக்கிற என் பள்ளிக்கூட ரப்பரால், அட்டைகளின் அடியில் இருந்த தங்க நிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்தாள். மறுபடி பள்ளத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் ஊன்றி அழுத்தினாள். முந்தைய முறை கேட்காத 'டக்' என்ற சத்தம் இப்போது இரண்டு ஓரத்திலும் கேட்டது. சுவிட்சைப் போட்டாள். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துருச்சுணா" என்றாள். குரலில் பெருமை வழிந்தது.

கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தோம். பிறகு பெரியப்பா பாடினார். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை திரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கரகரப்பு இருந்தது. ஆனால் அந்தக் கரகரப்போடுதான் அந்தப் பாட்டு பிறந்ததோ என்னவோ, அவ்வளவு பொருந்தியது. முடிந்ததும் அத்தை பதிவை நிறுத்தப்போனாள்.

"நிறுத்தாத, ஓட்டிக்கினே இரு" என்று பெரியப்பா கையைக் காட்டினார். மைக்குக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். பாடவில்லை. பேசினார்.

"கதவத் தொற. நான்தான்."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "சோறு கீதா?" என்றார். பிறகு, "இன்னாமே, மாத்தர போட்டுகினியா?" அது பெரியம்மாவுக்கு. "பார்த்துப் போ கண்ணு, போயி போன் பண்ணு." அது அக்காவுக்கு, அவர் மகளுக்கு. "டீ சொல்லு." "ஆங், சரி சரி." "அட, வுடுப்பா, பேஜாரு பண்ணாத." ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாட்டில்கூட அவர் அத்தனை கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

யாருமே இல்லாத கதவைத் திறக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் என்னை அவர் ஒருவர்தான் எலி என்று கூப்பிடுவார்.

"ஏ எலி, இன்னாடி பாத்துகினு கீற?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "பெரிப்பா, மைக் டெஸ்டிங்கா?"

"ஆமாண்டி, டெஸ்டிங்தான்" என்றார்.

அத்தை திரையைப் பார்த்தபடியே இருந்தாள். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை.

திங்கட்கிழமை பெரியப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எனக்கு மட்டும் வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். தொண்டையில் வளர்ந்திருந்த கட்டியோடு குரல்பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாமல் திரும்பி வந்தார். கிரேன் பாட்டு பிறகு ஊரெல்லாம் ஓடியது, ஆட்டோக்களில் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியதையெல்லாம் அக்கா துண்டுதுண்டாக வெட்டி அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பெரியப்பா அதை அழுத்துகிறார். "கதவத் தொற. நான்தான்" என்று அவர் குரல் கேட்கிறது. நான் போய்த் திறக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் எனக்கான பட்டனை அழுத்துவார். "ஏ எலி, இன்னாடி பாத்துகினு கீற?" என்ற குரலோடு, பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒன்றும் புரியாமல் சிரிப்பதும் சேர்ந்து வரும். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துவிடட்டுமா என்று அக்கா ஒருமுறை கேட்டாள். பெரியப்பா போனைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார்.